வடிகுழாய் வழியே மல்லிகை

ஜனவரி 12, திங்கள்

காலைப் பயிற்சி முடிந்தது. நான்கு சீசா: எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ், ரோஜா. ஒவ்வொன்றும் இருபது விநாடி. டாக்டர் சொன்னபடி கண்ணை மூடி, அந்த வாசனை எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே முகர்ந்தேன். நினைவு வருகிறது. வாசனை வரவில்லை. நாளையோடு நூறு நாள்.

யூகலிப்டஸ் மட்டும் மூக்குக்குள் குளுகுளுவென்று இருக்கிறது. அது வாசனையே இல்லையாம், வெறும் தோல் உணர்ச்சியாம். அதில்கூட சந்தோஷப்பட விடமாட்டேன் என்கிறார் டாக்டர்.

சோப்புக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக என் வேலை முகர்வதுதான். வார்த்தெடுத்த ஒவ்வொரு தொகுதியும் என் மூக்கைத் தாண்டித்தான் வெளியே போகும். அக்டோபரில் ஐந்து நாள் காய்ச்சல். எழுந்து உட்கார்ந்தபோது மூக்கு மூஞ்சியில் இருந்தது, அவ்வளவுதான். இப்போது லேபிள் பிரிவில், ஒட்டிய லேபிள் நேராக இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஆய்வுக்கூட மேடம் நல்ல மனுஷி. "மார்ச் இருபது வரைக்கும் உங்க நாற்காலிய யாருக்கும் குடுக்க மாட்டேன். அன்னிக்கு ஒரு தடவ சோதிச்சுப் பாத்துடலாம்" என்றிருக்கிறார். அறுபத்தேழு நாள் இருக்கிறது.

வீட்டில் சட்டம் அமலில் இருக்கிறது. அடுப்பில் பால் தீய்ந்து கறுத்துப்போன அன்று இவர் உள்ளே வந்து, "உனக்குத் தெரியலையா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் அழுத அழுகையில் மறுநாள் லீவு போட்டார். அன்று நானே போட்ட சட்டம் இது: வாசனை, மணம், நாற்றம் என்று எந்தப் பேச்சும் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது. இவருக்கும் சொல்லிவிட்டேன், என் தம்பிக்கும் சொல்லிவிட்டேன். மூன்று மாதமாக இரண்டு பேரும் ஒரு தடவைகூட மீறவில்லை.

ஜனவரி 14, புதன்

லேபிளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தொகுதியில் வாசனை மந்தமாக இருந்தால் அதைக் கையில் வைத்து முகர்ந்து பயனில்லை. ஜன்னல் இல்லாத சின்ன அறையில் ஒரு தட்டு நிறைய வைத்துக் கதவைச் சாத்திவிடுவோம். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே போனால், கண்ணுக்குத் தெரியாத ஒருவர் அங்கே நமக்காக நின்றுகொண்டிருப்பதுபோல இருக்கும். சோப்பு மந்தமாக இருந்தால் அறை. மூக்கு மந்தமாக இருந்தாலும் அதுதானே?

சீசாவில் நாலு சொட்டு வைத்துக்கொண்டு இந்தத் தூங்குமூஞ்சி மூக்கை எழுப்ப முடியாது. ஒரு அறை வேண்டும். அறை நிறையப் பூ வேண்டும்.

ஜனவரி 18, ஞாயிறு

எங்கள் வீட்டிலேயே ஜன்னல் இல்லாத அறை ஒன்று இருக்கிறது. இரண்டாவது பாத்ரூம். பழைய பெட்டிகளைப் போட்டு வைத்திருந்தோம். இன்று காலி செய்தாயிற்று. இந்த வீட்டுக்குப் பால்கனி கிடையாது, வெயில் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே தெரியாது. அதனால் எல்லாமே உள்ளேதான்.

பன்னிரண்டு தொட்டி மல்லிகை. இவர் இரண்டிரண்டாக மூன்று மாடி ஏற்றினார். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிற உடம்பு. ஆறாவது நடையில் படியில் உட்கார்ந்துவிட்டார். "இதுக்குப் பஸ்ஸையே மேல ஏத்திடலாம் போல" என்றார்.

தம்பி ஏ.சி. மெக்கானிக். செடிக்கென்று விற்கும் விளக்குகள் நான்கு வாங்கி வந்து கூரையில் மாட்டினான். ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த வெளிச்சம். டைமர் வைத்தாயிற்று: காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பகல். பாத்ரூமுக்குள் எங்களுக்கென்று ஒரு சூரியன். கதவுக்கடியில் அந்த வெளிச்சம் கசிந்து கூடத்துத் தரையில் படுத்திருக்கிறது.

ஜனவரி 27, செவ்வாய்

மொட்டு கட்டியிருக்கிறது. பச்சை மணிகள்.

ஆனால் சுவர் வேர்க்கிறது. விளக்குச் சூடும் ஈரமும் சேர்ந்து, கதவைத் திறந்தால் முகத்தில் வெந்நீர்த் துணி போட்டதுபோல இருக்கிறது. மூலையில் கறுப்புப் பூசணம். இலையின் அடியிலும் வெள்ளைப் படலம். காற்று வெளியே போயாக வேண்டும். வீட்டு ஓனர் சுவரில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வைப்பவர், ஓட்டை போட விடுவாரா?

பிப்ரவரி 1, ஞாயிறு

வழி கிடைத்துவிட்டது. சொல்லப்போனால் வழி காலடியிலேயே இருந்தது.

பாத்ரூம் தரையில் தண்ணீர் போகும் ஓட்டை. அதன் குழாய் சுவருக்குள் போய்ப் பெரிய குழாயில் சேர்கிறது. அந்தப் பெரிய குழாய் மொட்டைமாடிக்கு மேலே ஒரு ஆள் உயரம் நீட்டிக்கொண்டு வாய் திறந்து நிற்கிறது. துணி காயப்போடும்போது பார்த்திருக்கிறேன். புகைபோக்கி மாதிரியேதான் இருக்கும்.

தம்பி தலையைச் சொறிந்தான். "மேல தொறந்துதான்க்கா இருக்கு. காத்து போகும். ஆனா நாங்க இப்படிப் பண்ணினதில்ல." நான்தான் விடவில்லை. வெள்ளி நிறத்தில் மடிப்பு மடிப்பாக இருக்கும் காற்றுக் குழாயின் ஒரு முனையை ஃபேனில் மாட்டினான், மறுமுனையைத் தரை ஓட்டையில் இறக்கினான். ஓட்டையின் சல்லடை மூடிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது, சுற்றிலும் கொஞ்சம் தண்ணீர். அது காற்றைத் தடுக்கிறது என்று கழற்றித் தரச் சொன்னேன். இப்போது அதில் விதை போட்டு வைத்திருக்கிறேன். ஓரமெல்லாம் டேப் சுற்றியாயிற்று.

ஃபேனைப் போட்டதும் காற்றுக் குழாய் மூச்சு இழுத்துப் பருத்தது. கால் மணி நேரத்தில் சுவர் காய்ந்தது. ஃபேனும் விளக்கோடு சேர்ந்து ஆறு மணிக்கு நிற்கும்படி தம்பி டைமர் வைத்துவிட்டுப் போனான். அதுவும் நல்லதுதான். மல்லிகை விரிவது அந்த நேரத்தில். ஃபேன் நின்றால் வாசனை அறைக்குள்ளேயே நிற்கும். அப்போது போய் அரை மணி நேரம் உட்கார வேண்டியது. ஆய்வுக்கூடத்தில் செய்வது போலவே.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஃபேன் சத்தம் தூரத்து ரயில் மாதிரி இருக்கிறது. போய்க்கொண்டே இருக்கிற, எந்த ஸ்டேஷனிலும் நிற்காத ரயில்.

பிப்ரவரி 7, சனி

முதல் பூக்கள். ஒன்பது.

ஆறு மணிக்கு விளக்கு அணைந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கதவை ஒருக்களித்து வைத்ததில் கூடத்து வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே வந்தது. ஃபேன் நின்ற பிறகு வரும் அமைதிக்கு ஒரு கனம் இருக்கிறது. அந்த அமைதியில் மொட்டு திறப்பதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போது அசையாது. கண்ணை மூடித் திறந்தால் கொஞ்சம் விலகியிருக்கும். நான் கண் மூடும் நேரத்துக்காகவே காத்திருப்பதுபோல.

ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இன்று அதற்காக அழவில்லை. வாசனை அந்த அறைக்குள் இருக்கிறது, நானும் இருக்கிறேன், இரண்டு பேருக்கும் அறிமுகம்தான் ஆகவில்லை. தரைப்பக்கமிருந்து மெல்லிய வெதுவெதுப்பாக ஒரு காற்று காலைத் தொட்டது. செடிகள் மூச்சு விடுகின்றன என்று நினைத்தேன். கண் லேசாக எரிந்தது. மணி ஏழாகிவிட்டதே தெரியவில்லை.

வெளியே வந்தபோது இவர் கூடத்து ஜன்னலைத் திறந்துவிட்டு, பாதி உடம்பு வெளியே இருக்க நின்றிருந்தார். "என்னங்க?" என்றேன். "காத்து நல்லா வருது" என்றார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

படியில் கீழ்வீட்டுத் தையல்காரம்மா பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு ஒரு அதிசயம் சொல்லட்டுமா? எங்க பாத்ரூம்ல ரெண்டு நாளா மல்லிப்பூ வாசன. தரையிலேர்ந்து வருது. கதவச் சாத்திக்கிட்டு அங்கேயே உக்காந்திருக்கேன்."

எனக்குப் படியில் கால் தரிக்கவில்லை. அவருக்குச் சட்டம் தெரியாது, அதனால் சொல்லிவிட்டார். நூற்றிருபத்தெட்டு நாளில் என் காதில் விழுந்த முதல் வாசனை.

என் பூ குழாய்க்குள் இறங்கி, சுவருக்குள் நடந்து, யாரோ ஒருவர் குளிக்கும் இடத்தில் தலையை நீட்டுகிறது. எனக்கு வராவிட்டாலும் யாருக்கோ வருகிறது. இன்று லேபிள்களெல்லாம் தானாகவே நேராக ஒட்டிக்கொண்டன. எங்கள் குழாய் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. அதிசயம் அதிசயமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

பிப்ரவரி 12, வியாழன்

பூ அறையில் சின்னச் சின்னப் பூச்சிகள். சாம்பல் நிறம், இதய வடிவ இறக்கை, சுவரில் ஒட்டிக்கொண்டு பகல் முழுக்கத் தூங்குகின்றன. பூ இருக்கிற இடத்துக்குப் பூச்சி வராதா? மூன்று மாடி ஏறி வந்திருக்கின்றனவே என்று விரட்டவில்லை.

சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டி புதிதாகப் பேச ஆரம்பித்திருக்கிறது. களக், களக். பகலில்தான். தூக்கத்தில் யாரோ தண்ணீர் குடிப்பதுபோல. வீடே ஒரு உயிராகிவிட்டது.

பிப்ரவரி 15, ஞாயிறு

நாற்பத்தி மூன்று பூ. எண்ணி முடிப்பதற்குள் மேலும் இரண்டு.

தம்பி மாலை வந்தான். கதவுக்கு உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால். டீ வைத்தேன், வேண்டாம் என்றான். அவன் டீ வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. இவரும் அவனும் படியில் நின்று ஏதோ கிசுகிசுத்தார்கள். நான் எட்டிப்பார்த்ததும் கிரிக்கெட் பேசினார்கள்.

பிப்ரவரி 19, வியாழன்

இவர் வீட்டில் சாப்பிடுவதில்லை. டிப்போவிலேயே முடித்துவிட்டேன் என்கிறார். மூக்குப் பிடிக்கச் சாப்பிடுகிற மனுஷன், தட்டைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுகிறார். வந்ததும் ஜன்னல். படுத்தாலும் தலை ஜன்னல் பக்கம்.

ஒரு நல்ல காரியம் மட்டும் தவறாமல் செய்கிறார். மாலையில் நான் பூ அறையிலிருந்து வெளியே வந்ததும், ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து அந்தக் கதவுக்கடியில் இடைவெளி இல்லாமல் அடைக்கிறார். "செடிக்குக் குளிரும்ல" என்கிறார். காலையில் எடுத்துவிடுகிறார்.

நாலு நாளாக எனக்கும் மண்டைக் கனம். விளக்கு வெளிச்சம் ஒத்துக்கொள்ளவில்லையோ?

பிப்ரவரி 24, செவ்வாய்

சண்டை.

வந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தக் குழாய வேற எங்கயாவது திருப்பி விட முடியாதா?" என்றார்.

"எதுக்கு?"

ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"எதுக்குன்னு கேக்குறேன்."

"சும்மாதான்."

"பூ புடிக்கலன்னா நேரா சொல்லுங்க. என்னப் புடிக்கலன்னாலும் நேரா சொல்லுங்க."

கண் கலங்கினதுபோல இருந்தது. எழுந்து போய் ஜன்னலில் நின்றுகொண்டார்.

எனக்குத் தெரியாதா என்ன. மூக்குக்கு மேலே கோபம் வருகிற, பாலைத் தீய விடுகிற, சாயங்காலம் ஆனால் பாத்ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற ஒருத்தியோடு எத்தனை நாள் இருப்பார்? விலகிப் போகிறார். அடி அடியாக விலகுகிறார். வீட்டுக்கு வரவே பிடிக்கவில்லை அவருக்கு. முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது, லேபிள் மாதிரி, நேராக.

போகட்டும். மார்ச் இருபதுக்குள் மூக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். நான் பழைய நானாகிவிடுவேன். அதுவரை பொறுக்க மாட்டாரா?

பிப்ரவரி 26, வியாழன்

மொட்டு உதிர்கிறது. திறக்காமலே.

மார்ச் 2, திங்கள்

மத்தியானம் லேபிள் பிரிவுக்குப் போன் வந்தது. பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்போது இவருக்குத் தலை சுற்றியிருக்கிறது. எப்படியோ ஓரம் கட்டி, நிறுத்தத்தில் நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டார். கண்டக்டர்தான் தண்ணீர் தெளித்தாராம். முப்பது பேர் பஸ்ஸில். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

டிப்போ டாக்டர், "சாப்பாடு இல்ல, தூக்கம் இல்ல. வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று என் முன்னாலேயே கேட்டார். இவர் இல்லையென்று தலையாட்டினார். ஒரு வாரம் வண்டி எடுக்கக் கூடாது.

ஆட்டோவில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். விலகிப் போகிறவர் இப்படிப் பிடிப்பாரா?

மார்ச் 4, புதன்

மாலை ஆறரை. கதவு தட்டும் சத்தம். தையல்காரம்மாவும் அவருக்குப் பின்னால் ஒரு குழாய்க்காரரும்.

தையல்காரம்மா என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "மன்னிச்சுக்குங்க. உங்க வீட்டுக்காரர்கிட்ட ரெண்டு வாரமா சொல்லிட்டிருக்கேன். நான் சரி பண்ணித் தரேன், அவகிட்ட மட்டும் சொல்லாதீங்கன்னாரு. தினம் வந்து என் பாத்ரூம்ல வாளி வாளியா தண்ணி ஊத்தினாரு. இப்ப தச்ச துணியெல்லாம் நாறுது. ரெண்டு பேரு திருப்பிக் குடுத்துட்டாங்க."

"மல்லிகை?" என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"அது மொதல் வாரம்."

குழாய்க்காரர் அதற்குள் உள்ளே காலை வைத்துவிட்டார். தோளில் கிடந்த துண்டு மூக்குக்குப் போனது. "அம்மா, மொதல்ல எல்லா ஜன்னலையும் தொறங்க. எப்படிம்மா இதுக்குள்ள சமைக்கிறீங்க, தூங்குறீங்க?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார்.

குழாய்க்காரர் பூ அறைக்குள் போனார், வெள்ளிக் குழாயைப் பார்த்தார், விதைபோட்ட கிண்ணத்தைக் கையிலெடுத்தார். "இது எங்க இருந்துச்சு தெரியுமா? இதச் சுத்தி நிக்கிற தண்ணிதான்ம்மா சாக்கடைக்குக் கதவு. நீங்க கதவையே கழட்டிட்டு அதுக்குள்ள ஊதியிருக்கீங்க. ஊதின வேகத்துல கீழ் வீடுங்களோட தண்ணியும் வெளிய தள்ளிடுச்சு, உங்க சமையக்கட்டுத் தொட்டித் தண்ணியும் போயிடுச்சு. பகல்ல நீங்க அது மேல ஊதுறீங்க. சாயங்காலம் உங்க ஃபேன் நின்னதும் அது உங்க மேல ஊதுது. இது வெறும் நாத்தம் இல்ல. விஷக்காத்து. பள்ளத்துல இறங்கின எங்க ஆளுங்க எத்தன பேரு எந்திரிக்காமலே போயிருக்காங்க தெரியுமா?"

ஆறு மணி முதல் ஏழு மணி வரை. கதவை ஒருக்களித்துக்கொண்டு. காலில் வந்து தொட்ட அந்த வெதுவெதுப்பு.

அவர் வெள்ளிக் குழாயைப் பிடுங்கி எடுத்து, விதையைக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைப் பழைய இடத்தில் வைத்தார். தண்ணீர் ஊற்றினார். கால் மணி நேர வேலை.

மார்ச் 5, வியாழன்

முப்பத்திரண்டு நாள்.

எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. தம்பிக்குத் தெரியும். கீழ்வீட்டுக்குத் தெரியும். படியில் ஏறி இறங்குற அத்தனை பேருக்கும் தெரியும். நான் ஒருத்திதான் சாக்கடைக்குள்ள ஸ்டூல் போட்டு உக்காந்துகிட்டுப் பூ விரியுறத ரசிச்சிருக்கேன். சாக்கடைப் பூச்சிய விருந்தாளின்னு நெனச்சிருக்கேன்.

ஊரையே விரட்டுகிற நாற்றம். எனக்கு ஒரு இழைகூட வரவில்லை. நான் தேடிக்கொண்டிருந்தது இப்படி ஒரு சோதனைதானே? அறையை நிறைத்து, கதவைச் சாத்தி. இதைவிடப் பலமாக எதை வைத்துச் சோதிப்பது? மூக்கு வராது. இனி வராது. மார்ச் இருபதுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

அதுகூடப் பரவாயில்லை. நான் எவ்வளவு சத்தம் போட்டேன் அவரிடம். என்னைப் பிடிக்கலையா என்று கேட்டேன். அவர் அந்த நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ஏங்க சொல்லல?" என்று நேற்று கேட்டேன். கேட்கும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நீதான சொல்லக் கூடாதுன்ன."

"அதுக்காக? வண்டி ஓட்டும்போது மயங்கி விழுற வரைக்குமா? முப்பது பேர் உள்ள இருந்தாங்க."

தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "சாயங்காலம் அந்த ரூம்லேர்ந்து வெளிய வரும்போது உன் மூஞ்சி பழைய மாதிரி இருந்துச்சு. அத எப்படிக் கெடுக்கிறது? நாளைக்குச் சொல்லலாம்னு தினமும் நெனப்பேன்."

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அடிக்கவும் செய்தேன், தோளில், இரண்டு தடவை. பிறகு அந்தத் தோளிலேயே அழுதேன்.

மார்ச் 6, வெள்ளி

சட்டம் ரத்து. காலண்டரில் எழுதிவிட்டேன், கையெழுத்தோடு.

தையல்காரம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். நாறின துணிகளையெல்லாம் மூட்டை கட்டி எடுத்துவந்து, இவரும் நானும் மொட்டைமாடியில் துவைத்தோம். மூன்று அலசல். ஒவ்வொரு அலசலுக்கும் இவர் துணியை முகத்துக்குக் கொண்டுபோய், "இன்னும் இருக்கு... இன்னும் கொஞ்சம்... போயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். என் எதிரில். சத்தமாக. பேருந்தில் நிறுத்தத்தின் பெயர் சொல்வதுபோல.

மொட்டைமாடியில் அந்தப் பெரிய குழாய் வாய் திறந்து நின்றுகொண்டிருந்தது. வெயிலில், ஒன்றும் தெரியாததுபோல. எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை.

மார்ச் 20, வெள்ளி

சோதனை நாள். போகாமலே சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். பிறகு, அந்த நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டு வரலாமே என்று போனேன்.

ஐந்து காகிதப் பட்டை. பெயர் இல்லை, எண் மட்டும். மேடம் எதிரில் உட்கார்ந்து என்னைவிடப் பதற்றமாக இருந்தார்.

எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் கண் தெரிகிறதே. எண்ணெய் காகிதத்தில் எப்படிப் பரவும் என்று இருபத்திரண்டு வருடம் பார்த்திருக்கிறேன். மூன்றாவது பட்டையில் கறை விளிம்பு விளிம்பாக ஏறியிருந்தது. எலுமிச்சை. ஐந்தாவதில் மஞ்சளாகத் தேங்கியிருந்தது. கிராம்பு. அந்த இரண்டையும் சொன்னேன். மேடம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "வந்துடுச்சா?" என்றார். அவர் கண்ணில் தண்ணீர்.

ஒரு நிமிடம், முழுசாக ஒரு நிமிடம், வந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. இவ்வளவு சந்தோஷப்படுகிறாரே, இந்த முகத்தை எப்படிக் கெடுப்பது என்று இருந்தது. அந்த வாக்கியம் மனசில் ஓடும்போதே அது யார் சொன்னது என்று ஞாபகம் வந்துவிட்டது.

"இல்ல மேடம். கறையப் பாத்துச் சொன்னேன். எனக்கு எதுவும் வரல."

நாற்காலியை விட்டு எழுந்தேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

ஏப்ரல் 11, சனி

வார்ப்புப் பிரிவில் மூன்றாவது வாரம். சோப்பு ஆறினதும் விரலால் அழுத்தி, விளிம்பைத் தடவி, சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. பரவாயில்லை. விரல் சொன்ன பேச்சைக் கேட்கிறது. பழைய நாற்காலியில் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். அந்தப் பக்கம் போகும்போது இன்னும் நெஞ்சை அடைக்கிறது. அடைக்கட்டும், பிறகு விட்டுவிடுகிறது.

மல்லிகைத் தொட்டியில் எட்டு பிழைத்தது. எல்லாம் தையல்காரம்மாவின் ஜன்னலுக்குப் போய்விட்டது. அவர் வீட்டில் வெயில் வருகிறது.

இவர் வண்டி எடுக்க ஆரம்பித்துவிட்டார். மாலையில் வந்ததும் ஒப்புவிக்கிறார்: முன்சீட்டில் ஒருத்தர் மீன் கூடையோடு ஏறினார், மழைக்கு முன்னால் ரோடு ஒரு மாதிரி இருந்தது, கண்டக்டர் புது எண்ணெய் தேய்த்திருக்கிறார். வாசனைக்கு அவரிடம் மொத்தமே இரண்டு சொல்தான்: "நல்லா இருக்கு", "ஒரு மாதிரி இருக்கு". ஒரு மாதிரின்னா எந்த மாதிரி என்று நான் நோண்டுவேன். புளிப்பா, காரலா, ஈரமா, பழசா? பாவம், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசிப்பார்.

இன்று குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். ஆறு மாதமாக ஒரு நாளைக்கு மூன்று தடவை குளிக்கிறேன். ஏன் என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நம்மேல் என்ன அடிக்கிறது என்று தெரியாமல் ஆள் நடுவில் நிற்பதன் பயம் வேறு யாருக்கும் புரியாது. இன்று எப்படியோ வாயில் வந்துவிட்டது.

"ஏங்க. என் மேல என்ன வாசன வருது? உள்ளத உள்ளபடி சொல்லணும்."

கிட்டே வந்தார். அவசரப்படவில்லை. தோள், கழுத்து, காதுப் பின்புறம் என்று வண்டி எடுக்கும் முன் டயரைச் சுற்றிப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சோப்பு. அதுக்கடியில லேசா வேர்வ. தலையில ஈரத் துணி மாதிரி. அப்புறம் காதுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு."

"என்ன?"

"பேரு தெரியல. கல்யாணமான புதுசுலேர்ந்து இருக்கு. காய்ச்சல் அன்னிக்கும் இருந்துச்சு. அந்த முப்பது நாளும் ராத்திரி உன் பக்கம் திரும்பிப் படுத்தா அது வந்துடும். அதுலதான் தூங்கினேன்."

எதிரில் கண்ணாடி இருந்தது. அதில் என் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. மூக்கு நன்றாக இருந்த இருபத்திரண்டு வருடத்தில், உலகத்தில் உள்ளதையெல்லாம் முகர்ந்து பெயர் எழுதிய நாட்களில், என்னிடம் இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரிந்ததே இல்லை.